திட்டமும் அமுலும்: கெய்ரா ஜில்லா பால் உற்பத்தியாளர் சங்கத்தின் அநுபவம்

திட்டம் வகுப்பவர் ஓரிடத்திலும், அதை நடத்துபவர் வேறோரிடத்திலும் இருக்கும் ஸ்தாபனங்களில் உண்டாகும் நஷ்டங்களிற் பெரும்பாலானவை அவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்திலேயே உண்டாகின்றன. தலைமை நிலையத்தில் நல்ல தீர்மானம் நிறைவேறுகிறது. அச்சிட்ட சுற்றறிக்கையும் வந்து சேருகிறது. ஆனால் கிராமத்தில் அளவு பிடிப்பவரும், கணக்கு எழுதுபவரும், வண்டி ஓட்டுபவரும் பழைய வழக்கப்படியே நடக்கின்றனர். வருஷ முடிவில் ஐந்தொகைக் கணக்கு நஷ்டம் காட்டும்போது, "சங்கமெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது" என்று அங்கத்தினர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் குற்றம் சங்கத்தினுடையதன்று. மேலே எண்ணியதும் கீழே நடந்ததும் ஒன்றாக இல்லாமையே குற்றம்.

எண்ணமும் செயலும் ஒன்றுபட்டால் சாதாரணக் குடியானவர்கள் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு, குஜராத்திலுள்ள கெய்ரா ஜில்லாவின் பால் உற்பத்தியாளர் சங்கம் சிறந்த உதாரணமாகும். அதன் வியாபாரப் பெயராகிய 'அமுல்' என்பது இன்று நாடெங்கும் தெரிந்தது. சர்க்கார் காகிதங்களில் 'அமுல்' என்னும் சொல்லுக்கு நிறைவேற்றுதல் என்று பொருள். இரண்டு சொற்களுக்கும் சம்பந்தமில்லை. எனினும் அச்சங்கத்தின் வரலாற்றைப் படிப்பவர்க்கு இப்பெயர் பொருத்தமானதென்றே தோன்றும்.

முந்தைய நிலைமை

இன்று கேடா, ஆனந்த் என இரண்டு ஜில்லாக்களாகப் பிரிந்துள்ள பிரதேசமே அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த கெய்ரா ஜில்லாவாக இருந்தது. புகையிலைக்குப் பேர்போன செழுமையான பூமி அது. சிறு குடியானவர்களும் ஓரிரண்டு எருமைகளை வைத்துக் கறந்து வந்தனர். பயிர் வருமானம் வருஷத்தில் ஓரிரு முறை கைக்கு வருவது. பால் வருமானமோ தினந்தோறும் வருவது. ஆகவே உப்பு, எண்ணெய், துணி, மருந்து முதலியவற்றுக்கு வீட்டார் நம்பியிருந்தது எருமையையே.

1945-ஆம் வருஷத்தில் பம்பாய் நகர ஜனங்களுக்கு நல்ல பால் கிடைக்கச் செய்வதற்காகச் சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கினர். ஏறக்குறைய 425 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆனந்திலிருந்து பாலைச் சேகரித்து அனுப்பும் உரிமை போல்ஸன் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. கம்பெனி இடைத்தரகர் மூலம் பாலை வாங்கிற்று. நகரத்தில் விலை ஏறினபோதிலும் கறந்து கொடுத்தவனுக்கு அந்த ஏற்றத்தின் பங்கு வரவில்லை. பால் இரண்டு வேளைக்குமேல் தாங்காத சரக்கு. நெல்லைப்போல் குதிரில் போட்டுவைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருக்க முடியாது. விற்பவனுடைய இந்தப் பலவீனமே வாங்குபவனுடைய பலமாயிற்று.

சமர்க்காக் கூட்டமும் பதினைந்து நாளும்

குடியானவர்கள் ஸர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். அவருடைய யோசனைப்படி மொரார்ஜி தேஸாய் ஜில்லாவுக்கு வந்தார். 1946-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ஆம் தேதி சமர்க்கா என்னும் கிராமத்தில் கூட்டம் கூடிற்று. கிராமந்தோறும் பால் உற்பத்தியாளர் சங்கம் அமைப்பதென்றும், அச்சங்கங்கள் ஒன்றுகூடி ஜில்லாச் சங்கமாவதென்றும், சர்க்கார் அந்தச் சங்கத்தினிடமே பால் வாங்கவேண்டுமென்றும், அதற்கு இணங்காவிடில் ஒருவரும் பால் கொடுப்பதில்லையென்றும் தீர்மானமாயிற்று.

சர்க்கார் உடனே இணங்கவில்லை. பதினைந்து நாட்கள் பால் விற்பனை நின்றது. இரண்டு எருமை வைத்திருந்தவனுக்கு அப்பதினைந்து நாளும் ரொக்கம் வரவில்லை. பிண்ணாக்குச் செலவோ நிற்கவில்லை. எனினும் கட்டு உடையவில்லை. கடைசியில் பம்பாய்ப் பால் கமிஷனர் நேரில் வந்து பார்த்து, கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். 1946 டிசம்பர் 14-ஆம் தேதி ஜில்லாச் சங்கம் ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் கிஷிபாய் படேல் அதன் முதல் தலைவரானார். 1948 ஜூன் மாதத்தில் பம்பாய்க்குப் பால் அனுப்பும் வேலை தொடங்கியபோது, இரண்டு கிராமச் சங்கங்களிலிருந்து தினம் கிடைத்த பால் சுமார் 247 லிட்டரே.

இந்தத் தொடக்கத்தில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் சங்கத்தின் வேலையை யார் செய்யவேண்டுமோ, அவர்களே அதன் திட்டத்தையும் முதலில் தீர்மானித்தார்கள்; அதற்காகக் கைப்பொருளையும் இழந்தார்கள். தன் நஷ்டத்தினால் வாங்கிய திட்டத்தை ஒருவன் எளிதில் மறப்பதில்லை.

ஒரே நோக்கம்

ஜில்லாச் சங்கத்தின் நோக்கத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். அங்கத்தினர் கொண்டுவரும் நல்ல பால் முழுவதையும் வருஷத்தின் எல்லா நாட்களிலும் சங்கம் வாங்கிக்கொள்ள வேண்டும். நகரத்தில் பால் வாங்குபவர் கொடுக்கும் ரூபாயில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் கறந்தவன் கைக்குப் போய்ச் சேரவேண்டும். எழுத்தறியாத அங்கத்தினரும் இவ்விரண்டையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடும். தனக்கு இன்னது கிடைக்கவேண்டுமென்று தெரிந்த அங்கத்தினர் பதினாயிரம் பேர் இருந்தால், அவர்களே சங்கத்துக்குப் பதினாயிரம் தணிக்கையாளர்கள்.

தலைமை நிலையத்தார் ஒவ்வொரு காரியத்தையும் இவ்விரண்டு வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிய யந்திரம் வாங்கலாமா, புதிய சரக்குத் தயாரிக்கலாமா, வைத்தியர்களை நியமிக்கலாமா என்னும் கேள்விகளுக்கெல்லாம், அங்கத்தினருடைய பால் முழுவதும் விலைபோவதற்கு அது உதவுமா, அவருக்குக் கிடைக்கும் பங்கு கூடுமா என்பதே பரீக்ஷையாக இருந்தது.

கிராமத்தில் வேலை நடக்கும் விதம்

மேலே வகுத்த திட்டம் மெய்யாவதும் பொய்யாவதும் கிராமச் சங்கத்தின் வாசலில்தான். காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் சங்கம் திறக்கப்படுகிறது. அங்கத்தினர்கள், பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும், பாத்திரத்துடன் வரிசையில் நிற்கின்றனர். முன்னால் வந்தவர் முன்னால் ஊற்றவேண்டும். ஜாதியையோ நிலத்தையோ பார்த்து வரிசை மாறுவதில்லை. ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டு, சிறிது மாதிரி எடுத்து, கொழுப்புச்சத்துப் பரீக்ஷை செய்யப்படுகிறது. அளவும் சத்தும் அங்கத்தினர் புஸ்தகத்தில் அவர் கண்முன்பே எழுதப்படுகின்றன. காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாட் காலையிலும் பணம் கொடுப்பதே அச்சங்கங்களின் ஆரம்ப கால வழக்கம்.

அளவை மாத்திரம் பார்த்து விலை கொடுத்தால் நீர் கலப்பவனுக்கு லாபமும் நல்ல பால் கொடுப்பவனுக்கு நஷ்டமும் ஏற்படும். சத்தைப் பார்த்து விலை கொடுத்தால் நீர் கலப்பதில் பயனில்லை. நல்ல தீவனம் போடுவதில்தான் பயனுண்டு. நகரத்தார்க்கு நல்ல பால் கொடுக்கவேண்டுமென்பது தலைமை நிலையத்தின் திட்டம். அதைச் சாதித்தது போதனையன்று, பரீக்ஷைக் குழாயே. இவ்விதம், ஒருவன் தன் சொந்த லாபத்துக்காகச் செய்யும் காரியமே ஸ்தாபனத்தின் திட்டத்துக்கும் உதவும்படி ஏற்பாடு செய்வதில்தான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

கிராமச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியை அங்கத்தினரே தேர்ந்தெடுக்கின்றனர். எருமை ஒன்றாயினும் பத்தாயினும் ஓட்டு ஒன்றே. கமிட்டியின் கீழ்க் காரியதரிசியும் பரீக்ஷகரும் சம்பளத்துக்கு வேலை செய்கின்றனர். கிராமச் சங்கத் தலைவர்கள் ஜில்லாச் சங்க நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்கின்றனர். அச்சபை, தொழில் தெரிந்த மானேஜரை நியமித்து, அன்றாட வேலையில் தலையிடாமல் கணக்கு மாத்திரம் கேட்கிறது.

அவ்வாறு நியமிக்கப்பட்டவரே வர்க்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து வந்த அவர், 1949 மே மாதத்தில் சர்க்கார் வேலையாக ஆனந்துக்கு வந்தார். பக்கத்திலிருந்த குடியானவர் சங்கத்தின் பழைய யந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டபடி அவற்றைச் செப்பனிடப் போனவர், சங்கத்திலேயே தங்கிவிட்டார். அங்கத்தினரின் நம்பிக்கையைக் காப்பது தலைவர் பொறுப்பு. யந்திரத்தையும் வியாபாரத்தையும் நடத்துவது மானேஜர் பொறுப்பு. இந்தப் பிரிவினை இருவராலும் மதிக்கப்பட்டது. பொறுப்புக்கள் பிரிந்திருப்பினும் நோக்கம் ஒன்றாயிருந்தமையால் இடையூறு நேரவில்லை.

மழைக்கால ஈற்றும் பனிக்காலப் பாலும்

எந்தத் திட்டத்துக்கும் சோதனைக்காலம் ஒன்று உண்டு. எருமைகள் பெரும்பாலும் மழைக்காலத்தையொட்டி ஈனுவதால், பனிக்காலத்தில் பால் வேனிற்காலத்தைப்போல் இரண்டரை மடங்கு வரையிற் பெருகும். பம்பாய் நகரத்தின் தேவையோ வருஷமெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. உபரிப் பாலைப் பம்பாய்த் திட்டத்தார் வாங்க இயலவில்லை. எல்லாப் பாலையும் வாங்குவோமென்று சொன்ன சங்கம், பனிக்காலத்தில் அங்கத்தினரைத் திருப்பியனுப்பவேண்டிய நிலை ஏற்பட்டது. திரும்பிப்போன பால் மறுபடியும் வியாபாரியிடந்தான் போகும். அவன் சொன்னதே விலையாகும். ஒரு பருவம் அவ்விதம் நடந்தால், பதினைந்து நாள் பட்டினி கிடந்து கட்டிய சங்கம் கலைந்துபோகும்.

சங்கத்தார் சொல்லைக் குறைத்துக்கொள்ளவில்லை, சக்தியைப் பெருக்கிக்கொண்டார்கள். உபரிப் பாலை வெண்ணெயாகவும் பொடியாகவும் மாற்றிவைத்தால், பால் குறைந்த காலத்தில் விற்கலாம். ஆனால் எருமைப் பாலைப் பொடியாக்க முடியாதென்பது அக்காலத்து மேல்நாட்டு நிபுணர்கள் பலருடைய அபிப்பிராயம். குரியனுடன் வேலை செய்த எச். எம். தலாயா என்னும் பால் தொழில் நிபுணர், பாலை நுண்துளிகளாகத் தெளித்து வெப்பக் காற்றில் உலர்த்தும் முறையினால் அது முடியுமென்று காட்டினார். ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியின் உதவியுடன் ஆனந்தில் தொழிற்சாலை கட்டப்பட்டு, 1955 அக்டோபர் 31-ஆம் தேதி ஜவஹர்லால் நேருவினால் திறந்துவைக்கப்பட்டது. பனிக்காலத்திலும் பால் திரும்பிப்போகாத நிலை அதன்பின்னரே உறுதிப்பட்டது.

பால் பெருகவேண்டுமானால் மாடு நன்றாயிருக்கவேண்டும். ஆகவே ஜில்லாச் சங்கம் கால்நடை வைத்தியர்களை வண்டிகளில் கிராமங்களுக்கு அனுப்பிற்று. உயர்ந்த ஜாதிக் கிடாரிகள் பிறப்பதற்காகச் செயற்கைக் கருவூட்டல் நிலையங்கள் ஏற்படுத்திற்று. 1964-இல் கஞ்சரி என்னுமிடத்தில் கலப்புத் தீவனத் தொழிற்சாலையும் தொடங்கிற்று. பால் ஏற்ற வரும் வண்டியே திரும்பி வரும்போது தீவன மூட்டையைக் கிராமத்தில் இறக்கிவிடும். ஒரே பாதை, ஒரே வண்டி, ஒரே கணக்கு. வீண் செலவு குறைந்தது.

நாடெங்கும் பரவியது

மேற்படி தீவனத் தொழிற்சாலையைத் திறக்க வந்த பிரதம மந்திரி லால்பஹதூர் சாஸ்திரி, அஜர்புரா என்னும் கிராமத்தில் ஓர் இரவு தங்கி, குடியானவர்களிடம் நேரில் விசாரித்தார். சர்க்கார் ஏற்படுத்திய பால் நிலையங்கள் பல நஷ்டத்தில் நடக்க, இது மாத்திரம் செழிப்பதற்குக் காரணம், நிர்வாகம் உற்பத்தியாளர் கையிலேயே இருப்பதுதான் என்று அவர் கண்டதாகக் குரியன் பின்னாளில் கூறியுள்ளார். 1965-இல் தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியம் ஆனந்திலேயே அமைக்கப்பட்டது.

1970-இல் 'வெள்ளப் பெருக்குத் திட்டம்' எனப்பட்ட பெரிய ஏற்பாடு தொடங்கிற்று. வெளிநாடுகள் நன்கொடையாகக் கொடுத்த பாற்பொடியும் வெண்ணெயெண்ணெயும் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் பாலாக்கி விற்கப்பட்டன; அப்பணம் கிராமச் சங்கங்களை அமைப்பதற்குச் செலவாயிற்று. நன்கொடைப் பால் மலிவாக விற்கப்பட்டால் உள்ளூர்ப் பாலுக்கு விலையிராது. ஆகவே அதைக் குறைந்த விலைக்கு விற்பதில்லை என்பது கொள்கை. இங்கும் பரீக்ஷை ஒன்றே: கறப்பவனுக்கு இது நன்மையா? ஆயினும், வெளிநாட்டுச் சரக்கை நம்பித் தொடங்கியது சரியா என்று கண்டித்தவர்களும் உண்டு.

வாரியத்தார் உத்தரவுகளை மாத்திரம் அனுப்பவில்லை. வைத்தியர், என்ஜினீயர், சங்க அமைப்பாளர் அடங்கிய முன்னணிக் குழுக்களைப் புதிய ஜில்லாக்களுக்கு அனுப்பி, அங்கேயே தங்கிச் சங்கங்களைத் தொடங்கச் செய்தார்கள். அவ்விடத்துக் குடியானவர்களை ஆனந்துக்கு அழைத்துவந்து கண்ணாற் பார்க்கவும் செய்தார்கள். அப்படியிருந்தும் ஐந்து வருஷங்களில் முடியவேண்டுமென்று கருதிய முதற்கட்டம் ஏறக்குறைய பத்து வருஷம் நீண்டது. கட்டடம் எழுப்பும் வேகத்தில் நம்பிக்கையை எழுப்ப முடியாது.

குஜராத்திலேயே பல ஜில்லாச் சங்கங்கள் வளர்ந்தபோது, ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் கெடுத்துக்கொள்ளும் அபாயம் தோன்றிற்று. 1973-இல் அவை சேர்ந்து விற்பனைச் சமாசம் ஒன்று அமைத்து, 'அமுல்' என்னும் ஒரே பெயரில் விற்கத் தொடங்கின. இன்று அச்சமாசத்தில் சுமார் 36 லட்சம் உற்பத்தியாளர்கள் சேர்ந்துள்ளனர். வாங்குபவர் கொடுக்கும் ரூபாயில் ஏறக்குறைய 80 காசு உற்பத்தியாளருக்குச் சேருவதாக அதன் கணக்குக் கூறுகிறது. 1950-51-இல் சுமார் 1.7 கோடி டன்னாயிருந்த இந்தியாவின் பால் உற்பத்தி 2023-24-இல் ஏறக்குறைய 23.9 கோடி டன்னாயிற்று. 1998 முதல் உலகில் முதலிடம் இந்தியாவுக்கே. இவ்வளவும் சங்கங்களாலேயே விளைந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் பாலுக்கு நிலையான சந்தை ஏற்பட்டது பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டிலும் கிராமச் சங்கம், ஜில்லா ஒன்றியம், ராஜ்யச் சமாசம் என்னும் இதே மூன்றடுக்கு முறை கைக்கொள்ளப்பட்டு, 'ஆவின்' என்னும் பெயருடைய சமாசம் 1981-இல் ஏற்பட்டது.

ஒத்துவராத இடங்கள்

ஆனந்தின் உருவத்தை மாத்திரம் பார்த்து, உயிரை விட்டுவிட்ட இடங்களில் காரியம் பலிக்கவில்லை. தேர்தல் நடத்தாமல் உத்தியோகஸ்தர்களையே நிர்வாகிகளாக வைத்திருந்தால், கமிட்டி மேலிடத்துக்குப் பதில் சொல்லுமேயன்றி அங்கத்தினருக்குப் பதில் சொல்லாது. பரீக்ஷை செய்யாமல் எல்லாருக்கும் ஒரே விலை கொடுத்தால், நல்ல பால் வெளியே போய், தண்ணீர்ப்பால் சங்கத்துக்கு வரும். பணப் பட்டுவாடா வாரக்கணக்கில் தாமதித்தால், அங்கத்தினர் முன்பணம் கொடுக்கும் தனி வியாபாரியிடம் போய்விடுவர்.

சரக்கின் தன்மையையும் பார்க்கவேண்டும். வாரியம் பின்னர் எண்ணெய்வித்துச் சங்கங்களையும் அமைத்தது. 1988-இல் 'தாரா' என்னும் எண்ணெயும் சந்தைக்கு வந்தது. ஆனால் பல ராஜ்யங்களில் அச்சமாசங்கள் நஷ்டமடைந்தன. பால் தினம் இரண்டு வேளை சங்கத்துக்கு வருவதால் அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் உறவு தினமும் புதுப்பிக்கப்படுகிறது. நிலக்கடலையோ வருஷத்தில் ஓரிரு தடவை வருவது. விலை கொஞ்சம் கூடினாலும் மண்டிக்காரனிடம் போய்விடும். பாலுக்குத் தைத்த சட்டை கடலைக்குப் பொருந்தவில்லை.

வேறொரு குறையும் உண்டு. தீவனம் போட்டு, சாணம் வாரி, கறந்து கொண்டுவருபவர் பெண்டிர். அங்கத்தினர் ஜாபிதாவிலோ பெரும்பாலும் ஆடவர் பெயரே காணப்பட்டு வந்தது. வேலை செய்பவருக்கு ஓட்டில்லையெனில் அங்கே திட்டமும் அமுலும் ஒன்றுபட்டதாகச் சொல்ல முடியாது. பெண்டிர் சங்கங்கள் பல இடங்களில் தோன்றியிருப்பது நல்ல குறி.

நிர்வாகிகளும் கிராமாதிகாரிகளும் கவனிக்கவேண்டியவை

பாலாயினும், விதையாயினும், விற்பனையாயினும், எந்தச் சங்கத்தை நடத்துவோரும் கீழ்க்கண்டவற்றை வருஷத்தில் ஒரு தடவையேனும் தங்களுக்குள் கேட்டுப் பார்ப்பது நலம்.

1. சங்கத்தின் நோக்கம் என்ன என்று கமிட்டித் தலைவரையும், காரியதரிசியையும், கடைசியாகச் சேர்ந்த அங்கத்தினரையும் தனித்தனியே கேட்டால், மூவரும் ஒரே பதில் சொல்வார்களா?

2. அளவும் தரமும் அங்கத்தினர் கண்முன்பே பார்த்து எழுதப்படுகின்றனவா?

3. பணம் சொன்ன நாளில் கைக்கு வருகிறதா? ஒரு நாள் தாமதித்தாலும் அதன் காரணம் அங்கத்தினருக்குச் சொல்லப்படுகிறதா?

4. சரக்கு மிகுந்து வரும் பருவத்துக்கு முன்பே அதை வைக்க இடமும், கொள்ள ஆளும், விற்க வழியும் தயாராயிருக்கின்றனவா?

5. மேலிருந்து வரும் உத்தரவு நடைமுறைக்கு ஒவ்வாதபோது, அதைத் திருப்பிச் சொல்லக் கிராமச் சங்கத்துக்கு வழியுண்டா? சொன்னால் கேட்கிறார்களா?

6. தேர்தல் காலத்தில் நடக்கிறதா? தொழில் தெரிந்த சிப்பந்தியின் அன்றாட வேலையில் கமிட்டியார் தலையிடாமல் இருக்கிறார்களா?

கிராமாதிகாரிகள் சங்கத்துக்கு இடம் பார்த்துக் கொடுப்பதிலும், கட்சிப் பிரதிகட்சிகளைச் சமாதானப்படுத்துவதிலும் மிகுந்த உதவி செய்யலாம். ஆனால் சங்கத்தைத் தாங்களே நடத்த முற்படலாகாது. அங்கத்தினர் தாமே நடக்கப் பழகும் வரையில் பக்கத்தில் நிற்பதே அவர்கள் கடமை.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டுமென்பார்கள். ஊர் கூடினால் மாத்திரம் போதாது. தேர் எந்த வீதிக்குப் போகிறது என்று வடம் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டும். கட்டை போடுபவனும் அதையே அறிந்திருக்கவேண்டும். கெய்ரா ஜில்லாக் குடியானவர்கள் 247 லிட்டர் பாலோடு தேரை நகர்த்தத் தொடங்கினார்கள். அவர்களுக்கிருந்த மண்ணும் எருமையும் மற்றவர்களுக்குக் கிடைக்காதவையல்ல. அவர்கள் கூட்டத்தில் எண்ணியதையே மறுநாட் காலையில் சங்க வாசலில் செய்தார்கள். அதைத் தமிழ்நாட்டு விவசாயிகளும் தங்கள் சங்கங்களிற் செய்வார்களாயின், அவர்களுடைய உழைப்பின் பலன் அவர்கள் வீட்டிலேயே தங்குமென்பது திண்ணம்.